சாவுக் கடைக்கு யார் லைக் போடுவார்கள்

மலேசியாவில், பாடாங் செராயில் எங்கள் கடை ஒரு மோட்டார் பட்டறைக்கும் ஒரு தையல் கடைக்கும் நடுவில் இருக்கிறது. பட்டறைக்காரர் தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டு, பந்தலைவிடப் பெரிதாகத் தன் கடைப் பெயரை எழுதித் தொங்கவிடுவார். தையற்காரி தீபாவளிக்கு வெகு நாள் முன்பே வாசலில் ஒரு பொம்மைக்குப் புதுச் சேலை கட்டி நிறுத்திவிடுவாள். நாங்கள் எதையும் வெளியே நிறுத்த முடியாது. எங்கள் கடையில் இருப்பது சவப்பெட்டி.

கூலிம், லூனாஸ், சுற்றியுள்ள தோட்டங்கள் என்று இந்தப் பக்கத்துத் தமிழர் வீடுகளில் ஒரு சாவு விழுந்தால் பெட்டி, வண்டி, கூடாரம், நாற்காலி, மின்சுடலையில் நேரம் வாங்குவது எல்லாம் எங்கள் பொறுப்பு. வண்டி ஓட்டுவது, ஆட்களை வைத்து வெளிவேலை பார்ப்பது என் வீட்டுக்காரர். உள்வேலை நான். உள்வேலை என்றால் இறந்துபோன பெண்களைக் குளிப்பாட்டி, தலை வாரி, பொட்டு வைத்து, சேலை கட்டிவிடுவது. உயிரோடு இருந்தபோது ஆண் டாக்டரிடம் வயிற்றைக் காட்டவே கூசியவளை, செத்த பிறகு நான்கு ஆண்கள் புரட்டலாமா? இந்த ஒரு விஷயத்தில் நான் யார் பேச்சையும் கேட்டதில்லை.

முன்பெல்லாம் தோட்டத்தில் அக்கம்பக்கத்துப் பெண்களே இதைச் செய்தார்கள். அதை நினைத்துப் பெருமூச்சு விடுகிற ஆள் நான் இல்லை. அந்தக் காலத்துப் பெண்களுக்கு வேறு வழி இல்லை, செய்தார்கள். இப்போது தாமான் குடியிருப்பு வீடுகளில் அடுத்த வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருக்கிறோம். அம்மா கண்ணை மூடினால் மகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்த நேரத்தில் நான் போய் நிற்க வேண்டும். அதற்கு, நான் ஒருத்தி இருக்கிறேன் என்று முதலில் அவளுக்குத் தெரிய வேண்டும்.

அங்கேதான் சிக்கல். எங்கள் தொழிலுக்கு விளம்பரம் செய்ய முடியாது. ஒரு வருடம் ஊரோடு ஒத்துப் போவோம் என்று நானும் நாட்காட்டி அடித்தேன். முருகன் படம், நல்ல நேரம், ராகு காலம் எல்லாம் போட்டு, கீழே எங்கள் கடைப் பெயர். மளிகைக் கடை நாட்காட்டியைச் சண்டை போட்டு வாங்குகிற சனம், என் நாட்காட்டியைக் கண்டதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டது. ஒரு பெரியவர் மட்டும், "முருகனை வெட்டி எடுத்துக்கவா தங்கச்சி? கீழ்ப்பக்கம் வேணாம்" என்று கேட்டார். மிச்சமிருந்த கட்டுகளை வைத்து அந்த வருடம் முழுக்கக் கடைக் கண்ணாடியைத் துடைத்தேன்.

அட்டை கொடுத்தாலும் அதே கதைதான். இழவு வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லிக் கிளம்பக் கூடாது என்பது நம் வழக்கம். எங்களைத் தேடி வந்தவர்களும் சொல்லாமல்தான் போவார்கள். நாங்களும் யாரையும் 'வாங்க' என்று அழைக்க மாட்டோம். 'நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும்' என்று வாய் நிறையச் சொல்கிறவர்கள், கெட்டதுக்கு வேலை செய்கிறவளைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுவார்கள். ஆறிலும் சாவு நூறிலும் சாவு என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

பிறகு காலம் மாறியது. வீட்டில் சாவு என்றால் பையன்களும் பெண்களும் கோயில் தலைவரைக் கேட்பதில்லை, கைப்பேசியில் தேடுகிறார்கள். தேடினால் வேறு ஊர்க் கம்பெனி ஒன்றுதான் முதலில் வந்தது. வேலையில் ஒன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர்களிடம் பெண் ஆட்கள் இல்லை. எங்கள் தெருவிலேயே இறந்துபோன ஒரு பெண்ணுக்கு அந்தக் கம்பெனி வண்டி வந்தது. எங்கள் கடையைத் தாண்டித்தான் போனது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம் சாதாரணக் கோபம் இல்லை.

அந்தக் கோபத்தை நான் கொட்டியது என் வீட்டுக்காரரின் அக்கா மகளிடம். அப்போது அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். கூலிமில் ஒரு தளவாடக் கடைக்கு இணைய விளம்பரம் பார்க்கிற வேலை அவளுக்கு. எனக்கு மருமகள் முறை, சின்ன வயதிலிருந்து என்னிடம் ஒட்டிக்கொண்ட பிள்ளை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு கடைக்கே வந்துவிட்டாள். பெட்டிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

"அத்தை, வெப்சைட் மட்டும் போட்டா, ரப்பர் காட்டுக்குள்ள கடை வெச்ச மாதிரிதான் லா. ஆளு வர ரோடு வேணும். பேஜ்ல இருந்து வெப்சைட்டுக்கு ஒரு லிங்க், வெப்சைட்டுல இருந்து பேஜுக்கு ஒரு லிங்க், வாட்சாப்புக்கு ஒரு பட்டன். ஒங்க சொந்த அக்கவுண்டையும் சேத்துக் கட்டிடுவோம்."

"என் சொந்த அக்கவுண்ட் எதுக்குடி? அதுல கோலமும் கோயிலும்தான இருக்கு?"

"அதுக்குத்தான் வேணும். செத்த வீட்டுல இருக்கிறவங்க யாருனே தெரியாத ஆளுக்கா போன் போடுவாங்க? ஒங்க மூஞ்சியப் பாக்கணும். கோலம் போடுற அம்மா, கோயிலுக்குப் போற அம்மா, நம்ம வீட்டு அம்மா மாதிரி இருக்காங்கனு தெரியணும்."

வெறும் வெள்ளைப் பக்கத்தில் அவள் கட்டியதில்லை. ஏதோ ஒரு கடைக்காக யாரோ முன்பே செய்து வைத்த மாதிரியை எடுத்து மாற்றிக்கொண்டே வந்தாள். அதன் அடியில் 'நன்றி, மீண்டும் வருக' என்று இருந்தது. இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதை அழித்துவிட்டு அவளாகவே ஒரு வரி எழுதினாள்: 'உங்கள் வீட்டுப் பெண்ணை ஒரு பெண்ணே குளிப்பாட்டி, அழகாகச் சேலை கட்டி அனுப்பி வைப்பார்.' பக்கத்தில் அரக்குப் பட்டில் என் படம். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். யாரும் என் வேலையை அப்படி ஒரு வரியில் சொன்னதில்லை.

போகும்போது கதவருகில் நின்றாள். "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அத்தை. கல்யாணம் ஆகப் போற புள்ள சவப்பெட்டி கடையில ஒக்காந்திருந்தானு தெரிஞ்சா தலைமுழுக வெச்சிருவாங்க." சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

முகநூல் பக்கத்தைத் திறந்து வைத்த பிறகு எனக்கு ஒரு புது நோய் பிடித்தது. அடிக்கடி கைப்பேசியை எடுத்து லைக் வந்திருக்கிறதா என்று பார்ப்பது. தையற்காரி ஒரு ரவிக்கைக் கை படம் போட்டால் மளமளவென்று விழுகிறது. எங்கள் பக்கத்துக்கு என் வீட்டுக்காரர் ஒன்று போட்டார், பூக்காரர் ஒன்று போட்டார், எங்களுக்குப் பெட்டி செய்து தருகிற தச்சர் ஒன்று போட்டார். அதோடு சரி. சாவுக் கடைக்கு யார் லைக் போடுவார்கள்? போட்டால் அது அவர்கள் நண்பர்களுக்கெல்லாம் தெரியும். வாசலில் என் நாட்காட்டியை மாட்டுவதும் அதுவும் ஒன்றுதான்.

"லைக்க பாக்காதீங்க. இதப் பாருங்க" என்று மருமகள் இன்னொரு படத்தை அனுப்பினாள். மேலே ஏறிப் போகிற ஒரு கோடு. வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களின் கணக்காம். சத்தமில்லாமல் வருகிறார்கள், படிக்கிறார்கள், என் படத்தைப் பார்க்கிறார்கள், ஓடிவிடுகிறார்கள். என் ஊர் சனத்தை எனக்குத் தெரியாதா? முன்வாசலில் வந்தால்தான் அவர்களுக்கு மானக்கேடு.

முதல் அழைப்பு லூனாஸ் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. பேசியவள் என்னைவிடச் சின்னவள். "அக்கா, படத்துல இருக்கிறது நீங்கதானா? நெசமாவே நீங்க வருவீங்களா, ஆளுங்கள அனுப்புவீங்களா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். போனேன். அவள் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உழைத்து உரமேறிய உடம்பு. உள்ளங்கை மரப்பட்டைபோல இருந்தது. வெந்நீரில் மஞ்சள் கலந்து குளிப்பாட்டி, மகள் எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கொசுவம் கலையாமல் கட்டினேன். அடக்கமெல்லாம் முடிந்து வெகு நாள் கழித்து எங்கள் பக்கத்தில் அவள் ஒரு வரி எழுதினாள்: 'எங்க அம்மாவுக்கு அழகா சேலை கட்டினாங்க.' தன் சொந்தப் பெயரிலேயே எழுதியிருந்தாள். அந்த வரியை நான் எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள்.

அதன் பிறகு அழைப்புகள் வரத் தொடங்கின. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, நான் வாயைத் திறக்கும்வரை.

மருமகளின் அம்மாதான் என் நாத்தனார். அவர் வீட்டுக்காரருக்கு, நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவருக்கு, நெஞ்சில் ஏதோ அடைப்பு என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற படத்தை நாத்தனார் முகநூலில் போட்டார். உறவெல்லாம் கூடி வாழ்த்தியது. நானும் பாசமாக எழுதினேன்: 'அண்ணா, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சீக்கிரம் நாங்கள் நேரில் வருகிறோம்.' அந்த வேகத்திலேயே அதற்கு முந்தின படத்துக்கும் எழுதினேன். அது மருமகளின் நிச்சயதார்த்தப் படம். 'அந்த நல்ல நாளுக்காகக் காத்திருக்கிறோம்' என்று எழுதி இரண்டு கைகூப்பலும் வைத்தேன்.

இரண்டு கணக்கையும் சேர்த்துக் கட்டிய பிறகு, கைப்பேசியின் மூலையில் இருக்கிற சின்ன வட்டத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும் என்று மருமகள் சொல்லியிருந்தாள். வட்டத்தில் என் முகம் இருந்தால் நான் பேசுகிறேன். கடையின் சின்னம் இருந்தால் கடை பேசுகிறது. நான் வட்டத்தைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி வந்த மனிதரிடம், சீக்கிரம் நேரில் வருவதாகச் சொன்னது எங்கள் கடை. பெயருக்குக் கீழே 'இறுதிச் சடங்குச் சேவை, எந்நேரமும்' என்று வேறு இருந்தது.

மறுநாள் காலை நாத்தனார் வந்துவிட்டார். அவர் எங்கள் கடைக்குள் கால் வைத்ததே இல்லை. அன்றும் வெளியே அஞ்சடி நடைபாதையில் நின்றபடியே கத்தினார். பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது.

"கஞ்சி குடிக்கிற மனுசனுக்கு நாள் குறிக்கிறியா நீ? சம்மந்தி வீடு பூரா பாத்திருச்சு. மாலுவா இருக்கு எனக்கு, வெளிய தலைகாட்ட முடியல!"

தவறு என்னுடையது. மன்னிப்புக் கேட்டேன். இரண்டையும் அப்போதே அழித்துவிட்டதைக் காட்டினேன். அண்ணனிடமும் போனில் பேசினேன். அவர் சிரித்தார். "தள்ளுபடி குடுப்பியா தங்கச்சி?" என்றார். அதோடு விட்டிருக்கலாம். நாத்தனார் விடவில்லை.

"அழிச்சா போதுமா? வேரோட புடுங்கு. ஒன் மூஞ்சி, ஒன் பேரு, எல்லாத்தையும் எடு. ஒன் அக்கவுண்டத் தொட்டா பொணத்துல போயி நிக்குது. கடைய நடத்து, வேணாங்கல. ஒன்ன காட்டிக்காம நடத்து. எடுக்கலன்னா கல்யாணத்துக்கு என் தம்பி மட்டும் வரட்டும். தாய்மாமன் சீர அவன் ஒருத்தனே தூக்கிட்டு வரட்டும். நீ மணவறை ஏறக் கூடாது."

வெளியூர்க்காரர்களுக்கு இதன் கனம் புரியாமல் போகலாம். எங்களில் தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் இல்லை. தாய்மாமன் எடுத்த பட்டைக் கட்டிக்கொண்டுதான் பெண் முதலில் மணவறைக்கு வருவாள், கூறைச்சேலையெல்லாம் பிறகு. அந்தச் சீர்த் தட்டைத் தாய்மாமனும் அவன் பெண்டாட்டியும் சேர்ந்துதான் ஏந்தி வருவார்கள். பெண்டாட்டி உயிரோடு இருக்கும்போது ஒருத்தன் தனியாக வந்தால், அவளை ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று சபைக்கே தெரிந்துவிடும். அதுவும் என் மடியில் வளர்ந்த பிள்ளையின் கல்யாணத்தில்.

இந்த இணைப்பைக் கட்டியதே உங்கள் மகள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நாக்கு நுனிவரை வந்தது. சத்தியம் செய்திருந்தேன். விழுங்கிக்கொண்டேன்.

"முடியாதுக்கா" என்றேன். "மூஞ்சிய எடுத்தா யாரு போன் போடுவா? பொம்பள ஆளு இருக்குனு எப்பிடித் தெரியும்?"

"தெரிய வேணாம். செத்தவளுக்கு யாரு கட்டுனா என்னா?"

"செத்தவளுக்கு ஒரு மக இருப்பால்ல, அவளுக்குத் தெரியும்."

நாத்தனார் போய்விட்டார். வீட்டுக்காரர் சாப்பிடும்போது பேச்செடுத்தார். "நீ சொல்றது ஞாயந்தான். ஆனா அக்கா வீட்டுல ஒரே புள்ள. படத்த மட்டும் கொஞ்ச நாளைக்கு மறைச்சு வெப்போமா? கல்யாணம் முடிஞ்சு போட்டுக்கலாம்." மனிதர் கெட்டவரில்லை. அக்காவுக்கும் எனக்கும் நடுவில் உரலில் தலையைக் கொடுத்தவர். அதற்காக நான் குனிய முடியுமா? ஒருமுறை மறைத்தால் அது தப்பான வேலை என்று நானே ஒத்துக்கொண்டது மாதிரி. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்க் கோபத்தில் அழுதேன்.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், மறுநாள் கைப்பேசியை எடுத்து இணைப்பை நீக்குகிற இடம்வரை போய்விட்டேன். 'நிச்சயமாக நீக்கவா?' என்று அது கேட்டது. எனக்கு அந்தப் பிள்ளையை மணக்கோலத்தில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அந்த நேரத்தில் இல்லை.

அப்போது இணையத்தளம் வழியாக ஒரு செய்தி வந்து விழுந்தது. யான் என்கிற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண். அவள் அம்மா படுக்கையில் இருக்கிறாராம். இன்னும் சில நாள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். 'அம்மாவுக்கு உங்கள் படத்தைக் காட்டினேன். அப்படியே உங்கள் கோலமெல்லாம் பார்த்தார். இந்தப் பொண்ணே எனக்குச் சேலை கட்டட்டும் என்கிறார். ஒருமுறை வந்து பார்க்க முடியுமா?'

போனேன். வயலைப் பார்த்த ஜன்னலுக்குப் பக்கத்தில் கட்டில். அந்த அம்மா எலும்பும் தோலுமாக இருந்தார், கண்ணில் மட்டும் குறும்பு. நான் உயிரோடு சந்தித்த முதல் வாடிக்கையாளர் அவர்தான். மகளை விட்டு அலமாரியைத் திறக்கச் சொல்லி, மூன்று சேலைகளைத் தள்ளிவிட்டு, மயில் கழுத்து நிறத்தில் ஒன்றைக் காட்டினார்.

"இது வழுக்கும். பின்னு நெறைய குத்து. நெஞ்சுக்கு மேல எடுத்துக் கட்டு, நான் எப்பவும் அப்பிடித்தான் கட்டுவேன்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "போட்டோவுல இருக்கிறத விட நேருல நல்லாருக்க" என்றார். எங்கள் பக்கத்துக்கு வந்த லைக்குகளில் அதைத்தான் நான் முதலில் எண்ணுவேன். சில நாளில் அவர் சொன்னபடியே கட்டி அனுப்பினேன்.

அதன் பிறகு நீக்குகிற பேச்சே என்னிடம் எடுபடவில்லை. வீட்டுக்காரரும் எடுக்கவில்லை.

கல்யாண நாள் வந்தது. விடியற்காலையில் அவர் சீர்த் தட்டுகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் அந்த அரக்குப் பட்டையே கட்டிக்கொண்டு வந்தேன். ஆமாம், படத்தில் இருக்கிற அதே பட்டுதான். வேண்டுமென்றுதான் கட்டினேன். முன்கதவைத் திறந்து உட்கார்ந்து, பெண்ணுக்கு எடுத்த பட்டு இருந்த தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். தன் பக்கம் வந்து ஏறி, "பெல்ட்டப் போடு" என்று மட்டும் சொன்னார்.

கூலிம் மண்டபத்தில் நாத்தனார் வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் செம்பு அப்படியே நின்றது. சபையில் கத்த முடியாது. நான் வணக்கம் சொல்லிவிட்டு நேராக முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். என் இரண்டு பக்கத்து நாற்காலிகளும் மெதுவாகக் காலியாயின. இருக்கட்டும் என்று கைப்பையை ஒன்றின்மேல் வைத்தேன், காலை நீட்டிக்கொள்ள இடம் கிடைத்தது.

கொஞ்ச நேரத்தில் நாத்தனார் தன் ஓரகத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "தட்ட இவகிட்ட குடு. இவ தம்பி கூட வருவா." குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தட்டு என் மடியில இருக்குக்கா. வேணும்னா என்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தார். அக்கா அவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மனிதர் தொண்டையைச் செருமினார். "அவ வந்தாத்தான்க்கா நான் ஏறுவேன்" என்றார். எங்கள் இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் அக்காவை எதிர்த்துப் பேசியது அந்த ஒரு வரிதான்.

நேரமாகிறதென்று ஐயர் குரல் கொடுத்தார். அலங்கார அறைக் கதவு திறந்தது. தலை நிறையப் பூ, கை நிறைய மருதாணி, மேலே ஒரு சாதாரணத் துண்டைப் போர்த்திக்கொண்டு மணப்பெண்ணே எட்டிப் பார்த்தாள்.

"என் பட்டு எங்க? அத்தை, வாங்க. நீங்கதான் கட்டி விடணும்."

"மேக்கப் போடுற பொண்ணு உள்ளதான இருக்கா? அவ கட்டுவா" என்றார் நாத்தனார். முகம் வெளுத்துவிட்டது. "ஒங்க அத்தை கையால வேணாம்டி. அந்தக் கை…"

"அந்தக் கைதான்மா. அழகாகச் சேலை கட்டி அனுப்பி வைப்பாருனு வெப்சைட்டுல போட்டிருக்கே, படிக்கலையா? நான்தான் எழுதுனேன். வெப்சைட்டு போட்டது நான், லிங்க் எல்லாத்தையும் கட்டுனதும் நான். அத்தை ஒங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல, பாத்தீங்களா?"

நாத்தனாரின் முகத்தைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. பாவமாகத்தான் இருந்தது. பெற்றவளுக்குப் பயம். அது எனக்கும் இருந்தது. இவ்வளவு வீறாப்புப் பேசியவள், தட்டைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனதும் முதலில் தண்ணீர்க் குழாயைத்தான் தேடினேன். நானும் இந்த ஊரில் பிறந்து இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள்தானே. கையை இரண்டு முறை கழுவிவிட்டு வந்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாங்க லா அத்தை" என்றாள்.

முந்தியை அளந்து, கொசுவம் பிடித்து, இடுப்பில் செருகி இழுத்தேன். பழக்கதோஷத்தில் கொஞ்சம் அழுத்தியே இழுத்துவிட்டேன்.

"அத்தை, இறுக்காதீங்க! நான் சாப்பிட வேணாமா?"

எத்தனையோ பெண்களுக்குச் சேலை கட்டியிருக்கிறேன். இறுக்கமாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. நான் பிடித்திருந்த கொசுவம் கையிலிருந்து அவிழ்ந்து விழுந்தது. அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். மேக்கப் போட்ட பெண், மை கரைகிறது என்று கத்தினாள். பிறகு முதலிலிருந்து தளர்த்திக் கட்டினேன்.

என் வீட்டுக்காரர் மாலை போட்டார். நானும் அவரும் மற்ற சீர்த் தட்டுகளை ஏந்தினோம். மணவறைவரை நடந்தோம். சாம்பார் கொஞ்சம் புளித்தது என்பதைத் தவிர அந்தக் கல்யாணத்தில் வேறு குறை ஒன்றும் வரவில்லை.

சாயங்காலம் மருமகள் ஒரு படத்தை முகநூலில் ஏற்றினாள். நடுவில் அவள், ஒரு பக்கம் தாய்மாமன், மறுபக்கம் நான். மேலே எழுதியிருந்தாள்: 'என் மாமா, என் அத்தை. என் சேலையைக் கட்டியது அத்தைதான்.' அத்தை என்ற இடத்தில் என் பெயரை அவள் கோக்கவில்லை. எங்கள் கடையைக் கோத்திருந்தாள். தொட்டால் நேராக இறுதிச் சடங்குச் சேவைக்குப் போய் நிற்கும்.

மணப்பெண் படத்துக்கு லைக் போடாமல் இருக்க முடியுமா? அது அபசகுனம் ஆயிற்றே. நாட்காட்டி வாங்காதவர்கள் போட்டார்கள். என் பக்கத்து நாற்காலியிலிருந்து எழுந்து போனவர்கள் போட்டார்கள். ஓரகத்தி போட்டார். சம்பந்தி வீடு மொத்தமும் போட்டது. கடைப் பெயர் போட்ட படம் ஒன்றுக்கு அத்தனை லைக் விழுந்து என் கைப்பேசி சிணுங்கிக்கொண்டே இருந்தது அன்றைக்குத்தான். வட்டத்தைச் சரிபார்த்துவிட்டு, கடையின் பெயரிலேயே, வேண்டுமென்றே ஒரு வரி எழுதினேன்: 'பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க.'

கொஞ்ச நேரத்தில் அந்த வரிக்குக் கீழே ஒரு சிவப்பு இதயம் வந்தது. யார் என்று தொட்டுப் பார்த்தேன். நாத்தனார். வாழ்த்தியது யார் என்று பார்த்துத்தான் போட்டாரா, பார்க்காமல் போட்டாரா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. அந்த இதயத்தை அவர் எடுத்துவிட்டாலும் எடுத்துக்கொள்ளட்டும். என் இணைப்பை நான் எடுக்கப் போவதில்லை.